சிலேட்டுத் தட்டில் பொக்கு மிளகு

எனக்கு லேசில் குமட்டாது. அட்டை ஒட்டிய காலோடு மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து புளியஞ்சோலைப் பக்கம் மலையிறங்கியவன் நான். எலி செத்துக் கிடந்த சாக்கின் மேல் லாரியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஈ மொய்த்த சோற்றை ஊதிவிட்டுத் தின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட வயிறு என்னுடையது. அந்த வயிறு போன வருடம் மாசி மாதம் ஒரு சாயங்காலம் புரண்டது. மெழுகுவத்தி ஏற்றி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மரியாதையாக என் முன்னால் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டைப் பார்த்துத்தான் புரண்டது.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்து படித்துப் பத்தாவது முடித்தவன் இன்றைக்கு என் களத்தில் மிளகு காயப்போடுகிறான். எனக்கு இரண்டு லாரி, ஒரு ஜீப், காரை பூசிய களம், தகரக் கூரை போட்ட குடோன். தோட்டத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஒருவரும் எனக்கு ஒரு பிடி மண் கொடுத்ததில்லை. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தவை. கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் ‘மிளகுக்காரர் ஊடுங்களா’ என்று வழி காட்டுவார்கள்.

மலைமேல் விடுதி கட்டியிருக்கிறவர் நாமக்கல் பக்கத்துக்காரர். கோழிப்பண்ணையில் சம்பாதித்ததை இங்கே கொண்டுவந்து கொட்டினார். முதலில் பத்து அறை கட்டினார், பிறகு நீச்சல் குளம், அதற்கும் பிறகு இந்தச் சாப்பாட்டுக் கூடம். வாசலில் ‘ஃபைன் டைனிங்’ என்று எழுதி வைத்தார். ஐந்து தட்டு விருந்து, ஆளுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. பெங்களூரில் மூவாயிரம் கொடுத்துச் சாப்பிடுகிற சாப்பாட்டை இனி நம் மலையில் எல்லாரும் சாப்பிடலாம் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

“அந்தக் காசுக்கு ஒரு கோழிய அறுத்து ஊடே சாப்புடலாமுங்க” என்றாள் என் வீட்டுக்காரி. அவள் சொன்னது சரிதான். நான் போனதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் என் தங்கை மகள். அவள் அங்கே சமையல் கட்டில் இருந்தாள். நாமக்கல்லில் கேட்டரிங் படித்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பெரிய சமையல்காரருக்குக் கையாளாகத்தான் சேர்ந்தாள். அந்த ஆளுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் பொங்கலோடு இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் இவளே அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். முதலாளி ஒரு நாள் குறித்தார். அன்றைக்கு இருபது பேருக்கு விருந்து. வந்தவர்கள் தட்டைக் காலி செய்தால் இவளே தலைமைச் சமையல்காரி. மிச்சம் வைத்தால் பெங்களூரிலிருந்து வேறு ஆள். வேறு ஆள் வந்தால் தன் ஆட்களோடு வருவான், இவளுக்கு இடம் இருக்காது. பிள்ளைகளை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். எங்கள் மலைப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவளே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். “மாமா, அன்னிக்கு நீங்களும் அத்தையும் வரோணும். கடைசியில நீங்க எந்திரிச்சு நாலு வார்த்தை பேசோணுமுங்க. முதலாளி உங்க பேச்சத்தான் கேப்பாரு.”

“இதெல்லாம் சொல்லோணுமா கண்ணு? நான் வந்து உக்காந்தாலே போதும்” என்றேன்.

இரண்டாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த விடுதிக்கு மிளகு கொடுப்பது நான். அதனால் விருந்து அட்டையில் என் படத்தைப் போட்டிருந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் நிற்கிற படம். அடியில் இங்கிலீஷில் இருந்ததை என் மகன் பெண்டாட்டியை வாசிக்கச் சொன்னேன். கொல்லிமலையின் முதல் தர மிளகு, இந்த மண்ணின் மனிதர் தோட்டத்திலிருந்து நேராக, என்று எழுதியிருக்கிறதாம். மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன்.

ஆறரை மணிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை அடித்தது. மல்லிகை வாடை என்று மெழுகுவத்தியில் கலந்திருக்கிறார்கள். மல்லிகையாவது ஒன்றாவது, பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் தெளிக்கிற மருந்து வாடைதான் அது. அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து எப்படிச் சோறு இறங்கும்? முதலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்து முன்வரிசை மேசையில் உட்காரவைத்தார். பக்கத்து மேசையில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று. அதற்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த இளசுகள் ஏழெட்டுப் பேர். என் முன்னால் ஒரு துணியைக் கொக்கு மாதிரி மடித்து நிறுத்தியிருந்தார்கள். அதைப் பிரித்தேன். ஓரத்தில் யாரோ உதட்டுச்சாயம் துடைத்த கறை, வெளுத்தும் போகாமல் இருந்தது. மறுபடி மடித்து வைத்துவிட்டேன்.

முதல் தட்டு சூப். முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறை இடுக்கில் ஆட்டுக்கால் மாதிரி மயிர் முளைத்துக் கிடக்குமே, அந்தக் கிழங்குதான். மூட்டு வலிக்கு நல்லது என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் விற்பார்கள். அதையே இங்கே டீ கிளாஸில் பாதிக்கும் கீழாக ஊற்றி, மேலே வெள்ளையாக நுரை வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரன் காறித் துப்பினால் எப்படி இருக்கும், அப்படி.

“இது என்னப்பா மேல?” என்று பரிமாறுகிறவனைக் கேட்டேன்.

“‘லெமன் ஏர்’ங்க சார், எலுமிச்சை நுரை. வாயில வச்சா காத்து மாதிரி போயிரும்.”

“காத்துக்குமா காசு வாங்கறீங்க சாமி?” என்றாள் என் வீட்டுக்காரி. ஈரோட்டு அம்மா சிரித்துவிட்டது.

நுரையை ஒதுக்கிவிட்டுக் குடிக்கலாம் என்று பார்த்தால் அது மூக்கில் ஒட்டிக்கொண்டது. சூப் நன்றாகத்தான் இருந்தது. மேலே எச்சிலை வைத்துக் கொடுத்தால் நன்றாக இருந்து என்ன?

இரண்டாவது தட்டைப் பார்த்ததும்தான் முதல் குமட்டல் வந்தது. தட்டே இல்லை. கறுப்புச் சிலேட்டு. மூன்றாம் வகுப்பில் நான் தூக்கிக்கொண்டு போன அதே சிலேட்டு, மரச்சட்டம் மட்டும் இல்லை. நாங்கள் சிலேட்டை எதைக்கொண்டு அழிப்போம் என்று தெரியுமா? துப்பி, முழங்கையால் தேய்ப்போம். வெயிலில் காய்ந்தால் அந்தச் சிலேட்டு ஒரு நாற்றம் நாறும். ஐம்பது பிள்ளைகளின் எச்சில் காய்ந்த நாற்றம். வாத்தியார் அதை என் மண்டையில் உடைத்த அன்றோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அந்த நாற்றம் அறுபது வருடம் கழித்து என் மூக்குக்கு வந்தது. சிலேட்டின் நடுவில் விரல் நீளத்துக்கு இரண்டு மரவள்ளிக் கிழங்குத் துண்டுகள். பக்கத்தில் பச்சையாக ஏதோ ஒன்றைக் கரண்டியால் இழுத்துத் தேய்த்திருந்தார்கள். கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் போனால் துணியில் பார்ப்போமே, அந்த நிறம், அந்தப் பதம்.

“எனக்கு வேண்டாம் புள்ள” என்றேன் வீட்டுக்காரியிடம்.

“மிச்சம் வச்சா அந்தப் புள்ள பொழப்பு போயிரும். கண்ண மூடிட்டு முழுங்குங்க.”

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். வெறும் கொத்தமல்லித் துவையல்தான். கண்ணை மூடினால் நல்ல ருசி. ஆனால் சிலேட்டில் எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது என்று நினைத்துக் கடைசிப் பச்சையையும் விரலால் வழித்தபோது, எச்சில் தொட்டுச் சிலேட்டு அழிக்கிற மாதிரியே இருந்தது. தண்ணீர் குடித்து அமுக்கினேன்.

சென்னைப் பிள்ளைகள் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று சிலேட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் நாற்காலி மேல் ஏறிச் செருப்புக் காலோடு நின்று எடுத்தான். அந்த நாற்காலியில் பிறகு அவனே உட்கார்ந்தான்.

மூன்றாவது வந்தது சாமை. சாமைச் சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, உச்சியில் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். ‘மில்லட், மில்லட்’ என்று ஒரே பேச்சு. பக்கத்து மேசைக்காரர், ஈரோட்டுக்காரர், என் பக்கம் திரும்பி, “உங்க காலத்துல தினமும் இதுதானுங்களே, அதான் இந்த வயசுலயும் தெம்பா இருக்கறீங்க” என்றார்.

நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் காலத்துச் சாமைக் கூழை அவர் பார்த்ததில்லை. புளித்துப்போய் மேலே ஆடை கட்டியிருக்கும். ஆடையில் கொசு ஒட்டியிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதைக் கலக்கினால் உமியும் கல்லும் பல்லில் கடிபடும். தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கும். அந்தக் காலத்தை நல்ல காலம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிச் சம்பாதித்தது எதற்கு? இனிமேல் இதைத் தின்னக்கூடாது என்பதற்குத்தான். பூ வைத்துக் கொடுத்தாலும் சாமை சாமைதான். அதையும் தின்றேன். பூவையும் சேர்த்துத் தின்றேன், மிச்சம் வைக்கக்கூடாதே.

சமையல் கட்டுக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகத் தங்கை மகள் முகம் தெரிந்தது. திரும்பி உள்ளே போகிற தட்டுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டு காலியாக வந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவ்வளவு நேரமும் எல்லார் தட்டும் காலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான்காவதாகக் கோழி மிளகு வறுவல் வந்தது. அதுதான் பெரிய தட்டு. அட்டையில் என் படத்துக்குப் பக்கத்தில் இருந்ததும் அதுதான். கிட்டக் கொண்டுவரும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நனைந்த கோணிச்சாக்கு வாடை. மேலே கறிவேப்பிலை, நெய், வெங்காயம் எல்லாம் போட்டு மூடியிருந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? நாற்பது வருடமாக இந்த மூக்கை வைத்துத்தானே பிழைக்கிறேன். ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் காரம் வரவில்லை, கசப்புதான் வந்தது. பிறகு நாக்கின் அடியில் ஒரு பூஞ்சை வழவழப்பு. மழை நனைந்த மிளகு. களத்தில் காயப்போட்டிருக்கும்போது மழை பிடித்து, மூடிவைத்த தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கி, உள்ளே சதையில்லாமல் பொக்கையாகிப்போன மிளகு. நாங்கள் அதைப் பொக்கு மிளகு என்போம்.

வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என் படத்தை அட்டையில் போட்டுவிட்டு எவனிடமோ மலிவாக வாங்கிய குப்பையைப் போட்டு வறுத்திருக்கிறார்கள். இருபது பேரும் இதைத் தின்றுவிட்டு, இதுதான் மிளகுக்காரர் மிளகு என்று ஊருக்குப் போய்ச் சொல்லப் போகிறார்கள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. தங்கை மகளும் அவள் வேலையும் அந்த நிமிஷத்தில் நினைவில் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

கறியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு எழுந்தேன். “இது என் மிளகு இல்ல” என்றேன். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

முதலாளி ஓடிவந்தார். “ஐயா, என்னாச்சுங்க? ஏதாச்சும் குறைங்களா?”

“அடுப்படியில இருக்கற மிளகு ஒரு பிடி கொண்டாரச் சொல்லுங்க. அரைக்காத மிளகு.”

பரிமாறுகிறவன் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தான். என் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிறைய இருந்தது. எல்லாரும் பார்க்கிற மாதிரித் தூக்கிப் பிடித்து, ஒரு பிடி மிளகை உள்ளே போட்டேன். முழு மிளகு கல் மாதிரி அடியில் போய் உட்காரும், பொக்கு மிளகு மிதக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. போட்டதில் முக்கால்வாசி மிதந்தது. சென்னைப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் வேகம் வந்தது.

“பாத்துக்குங்க. என் மிளகு ஒண்ணு மிதந்தாக்கூட நான் மலையை விட்டே இறங்கிப் போயிர்றேன். இது யாரோ கூட்டித் தள்ளுன குப்பை. இதைத்தான் தின்னுட்டு இருக்கறீங்க.”

ஈரோட்டு அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தது. அதைப் பார்த்து அடுத்த மேசையில் வைத்தார்கள். இருபது தட்டும் அப்படியே நின்றுபோயின.

முதலாளி சமையல் கட்டைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். தங்கை மகள் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“ஏம்மா, ஐயாகிட்ட வாங்குற மிளகை விட்டுட்டு இதை எங்க வாங்குன? யாரைக் கேட்டு வாங்குன?”

அவள் தம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “வாங்கலீங்க.”

“பின்ன எப்படிம்மா வந்துச்சு?”

“மாமா குடோன்ல இருந்து வந்த மூட்டைதானுங்க. வேற மிளகு இந்த அடுப்படிக்கு வரவே இல்லீங்க.”

“ஐயா மூட்டையில இப்படி இருக்குமா? வாய்க்கு வந்ததைப் பேசாத.”

“மூட்டை ஸ்டோர்ல இருக்குதுங்க. பச்சை நூல்ல தச்சிருக்குது.”

அவள் அதை முதலாளிக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னாள். அந்தக் கூடத்தில் பச்சை நூலுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரி, அவள். தெரிந்தும் மாமன் மூட்டையைக் குறை சொல்ல மனமில்லாமல் அதையே அரைத்துப் போட்டு, நெய்யும் வெங்காயமும் கொண்டு மூடியிருக்கிறாள்.

என் குடோனில் இரண்டு வகை மூட்டைகள் உண்டு. சிவப்பு நூலில் தைத்தது கடை மூட்டை. அது சேந்தமங்கலத்து வியாபாரிகளுக்கும் வெளியூர் ஏற்றுமதிக்காரர்களுக்கும் போகும். முறத்தில் புடைத்துத் தள்ளுகிற பொக்கையும், மழை பிடித்ததும் பச்சை நூல் மூட்டையில் போகும். அதற்கு ஓட்டல் மூட்டை என்று பெயர். ஓட்டலில் மிளகை அரைத்துத்தான் போடுவார்கள், அரைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நான் சுமைகூலியாக இருந்த காலத்திலிருந்து நடக்கிற வழக்கம் இது. நான் கண்டுபிடித்ததில்லை, விட்டதுமில்லை. விடுதி முதலாளி வந்து கேட்டுவிட்டுப் போன அன்றைக்குக் குடோன் ஆளிடம் ‘ஓட்டலுக்கு ஒரு மூட்டை போடு’ என்றேன். அவன் வழக்கம்போலப் பச்சை நூலை எடுத்து ஏற்றிவிட்டான். விலை மட்டும் சிவப்பு நூல் விலை. அதைச் சொன்னது நான்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம். சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

முதலாளியே எனக்கு வழியும் விட்டுக் கொடுத்தார். “யாராச்சும் மாத்தியிருப்பாங்க ஐயா. மூட்டையைப் பிரிச்சது, அளந்தது எல்லாம் இவதான். நான் விசாரிக்கிறேன். ஏம்மா, நீ உள்ள போய் உன் சாமானை எடுத்து வை.”

நான் ஒரு வார்த்தை பேசவேண்டாம். பேசாமல் உட்கார்ந்தாலே போதும். என் பேர் அப்படியே இருக்கும், அவள் திருப்பூர் பஸ் ஏறிவிடுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், உட்காரத்தான் போனேன். நாற்காலியில் கை வைத்தும் விட்டேன்.

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். “ஏனுங்க, வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுங்க.”

அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கறித்துண்டு இன்னும் என் கன்னத்திலேயே இருந்தது. மென்றேன். சாக்கு வாடை, பூஞ்சை, எலிப் புழுக்கை வாடை கூட இருந்தது. என் களம், என் தார்ப்பாய், என் குடோன். அதுவரை அந்தக் கூடத்தில் இருந்த நுரை, சிலேட்டு, மெழுகுவத்தி எல்லாம் சேர்ந்து கொடுத்த அருவருப்பைவிட இது பெரிதாக இருந்தது. நாற்பது வருடமாக நான் அனுப்பியதை நான் அன்றுதான் முதல் தடவை தின்றேன். விழுங்கினேன்.

“மூட்டை என்னுதுதான்” என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. “இல்லீங்கய்யா, நீங்க பெருந்தன்மையா...”

“பெருந்தன்மை ஒண்ணும் இல்ல. பொக்கு மூட்டையை அனுப்பினது நான். இந்தப் புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்தான். “ஐயா, மலையை விட்டு எப்ப இறங்கறீங்க?” என்றான். போனை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். மனது பொறுக்காமல், “ஜீப் இருக்குது, அஞ்சு நிமிஷத்துல நல்ல மூட்டை கொண்டாரேன் கண்ணு” என்று தங்கை மகளிடம் சொன்னேன்.

“வேண்டாங்க மாமா. நீங்க உக்காருங்க” என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “இருபது நிமிஷம் குடுங்க. தட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கறோம்” என்றாள். முதலாளியைக் கேட்கவில்லை.

விடுதித் தோட்டத்தில் நிற்கிற மரங்களில் மிளகுக் கொடி இருந்தது. அழகுக்கு விட்டது. அறுப்பு முடிகிற நேரம், இன்னும் சரம் சரமாகப் பச்சை மிளகு தொங்கியது. போன் வெளிச்சத்தில் அதைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது நிமிஷம் என்றது அரை மணி ஆனது. கண்ணாடிக்குப் பின்னால் வாணலிச் சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த அரை மணி நேரமும் தம்ளரில் அந்த மிளகு என் கண் முன்னாலேயே மிதந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

புதுக்கறி வந்தது. வேறு கோழிக்கறியை வதக்கி, பச்சை மிளகைச் சரத்தோடு நெய்யில் பொரித்து மேலே போட்டிருந்தாள். கூடமே மணத்தது. ஈரோட்டு அம்மா எலும்பைக்கூட விடவில்லை. சென்னைப் பிள்ளைகள் அந்தத் தட்டை மட்டும் படம் எடுக்க மறந்துபோனார்கள். என்னால் தொட முடியவில்லை. என் வீட்டுக்காரி தன்னுடையதை முடித்துவிட்டு என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு தட்டும் மிச்சத்தோடு போகக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். ஐந்தாவதாக அன்னாசிப் பழம் ஐஸ்கிரீமோடு வந்தது. அதையும் அவளே தின்றாள்.

கடைசியில் முதலாளி என்னைப் பேசக் கூப்பிடவில்லை. நானாக எழுந்தேன். வீட்டில் நாலு நாளாக யோசித்து வைத்திருந்த பேச்சு வேறு. அதில் நான் எத்தனை மூட்டை சுமந்தேன் என்பதெல்லாம் இருந்தது. “சமையல் நல்லா இருந்துச்சு. மிளகு என்னுது, அது நல்லா இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவளுக்கு வேலை உறுதியானது. முதலாளி போட்ட கணக்கு சுலபமானதுதான். இருபது தட்டும் காலி, அதுவும் ஒரு தடவை திருப்பி எடுத்த பிறகு காலி. இப்படி ஒரு ஆளை எங்கே தேடுவார்?

தம்ளரில் மிளகு மிதக்கிற வீடியோ மலை முழுக்கப் பரவியது, மலைக்குக் கீழேயும் இறங்கியது. அடுத்த வாரம் சேந்தமங்கலத்தில் என் லோடு இறங்கியபோது, எப்போதும் வாங்குகிற பாய் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். மரியாதையான மனிதர். என் முகத்தைப் பார்க்காமல்தான் பார்த்தார். சிவப்பு நூல் மூட்டைதான், நல்ல மிளகுதான். இருந்தாலும் அந்தக் கை உள்ளே போனது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பச்சை நூல் மூட்டை தைப்பதை நிறுத்திவிட்டேன். பொக்கை இப்போது உரக்குழியில் கொட்டுகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல எனக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள் நல்ல மூட்டையாகப் பார்த்து நானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். சமையல் கட்டு வாசலில் தங்கை மகள் வெங்காயம் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி.

“வாங்க மாமா. அத்தை வரலீங்களா?”

“மிளகு கொண்டாந்திருக்கேன் சாமி. முதல் தரம். காசு வேண்டாம்.”

அவள் மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “மிளகு வேற எடத்துல சொல்லிட்டேனுங்க மாமா.”

யாரிடம் என்று கேட்டேன். சொன்னாள். மொத்தமே முப்பது கொடி வைத்திருக்கிறவன். வருடா வருடம் என்னிடம் ஏணி இரவல் வாங்குகிறவன்.

“அவன் மிளகு எம்மிளகு மாதிரி வருமா கண்ணு?”

“வராதுங்க மாமா” என்றாள். “சின்னதாத்தான் இருக்குது. ஆனா எல்லாருக்கும் ஒரே மூட்டைல இருந்துதான் அள்ளித் தர்றாருங்க.”

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு மூட்டையை நானே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.